நாற்பத்தாறு பைட்

மார்ச் 5, சாம்பல் புதன்

நேற்று பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமி கஸ்பார் என்னை மடக்கிவிட்டார். வழக்கம்போலத் தவக்காலத்துக்கு இறைச்சியை விட்டுவிடுகிறேன் என்றேன்.

“பெர்பெத்தம்மா, ஒனக்கு இறைச்சி ஒரு பொருட்டே இல்ல. நாக்க விடு. ஈஸ்டர் வரைக்கும் ஒரு ஆளயும் எளக்காரமா ஒரு சொல்லு சொல்லப்பிடாது” என்றார். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவர் சிரித்தது எனக்குக் கேட்டது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்துகொண்டு சிரிக்கிற சாமியை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஒத்துக்கொண்டாயிற்று. வாயால் சொல்லக் கூடாது என்றார். தாளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே இந்த நோட்டு.

எங்கள் வீட்டின் கீழ்த்தளம் ஆபீஸ், மேல்தளம் வீடு. ஆபீஸுக்கு முதலாளி என் கொழுந்தன் பொனிபாஸ். படகில் வைக்கிற ஒரு பெட்டியைச் செய்கிறார்கள். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது, கறுப்பு வெள்ளைத் திரை. கடலில் இருக்கிறவன் அதில் இன்டர்நெட் பக்கங்களை வாசிக்கலாம்: காற்று, அலை, மீன் விலை. பொனிபாஸ் அதற்கு ‘ஸீ-ஸ்மார்ட் புரோ மேக்ஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறான். புரோவும் மேக்ஸும் எந்த மூலையில் இருக்கின்றன என்று நானும் தேடுகிறேன். அதன் மெமரி மொத்தம் 512 கிலோபைட். இன்றைக்குக் கடையில் விற்கிற மலிவான போனில் இதைப்போல ஆறாயிரம் மடங்கு இருக்கும், அது முழுவதும் வேண்டும் அதற்கு, ஒரு பூனைப் படத்தைக் காட்ட.

பெட்டியின் உட்பலகையை ஈயம் வைத்து ஒட்டுவது என் வீட்டுக்காரர் தொபியாஸ். பேசத் தெரியாத மனிதர், கை மட்டும் பேசும். பிரவுசரில் பக்கத்தைத் திரையில் வரைகிற பகுதியை எழுதுகிறவள் சம்யுக்தா. இருபத்தாறு வயது, சென்னை, இரண்டு பட்டம். மெமரியைப் பங்கு வைக்கிற பகுதியை எழுதியவள் நான். வெளியாட்கள் வந்தால் பொனிபாஸ் என்னைக் காட்டி, “எங்க மைனி. மீன் குழம்பு வச்சா நாலு வீட்டுக்கு மணக்கும்” என்பான். அதுவும் உண்மைதான்.

மார்ச் 7, வெள்ளி

கஞ்சியும் துவையலும். சிலுவைப்பாதைக்குப் போய் வந்தேன்.

வானிலைப் பக்கம் ஒன்றை இன்று அளந்து பார்த்தேன். ‘நாளை மீன்பிடிக்கச் செல்ல வேண்டாம்’ என்பதுதான் அதில் இருக்கிற சேதி. எண்ணினால் 93 பைட். அதைச் சொல்ல அந்தப் பக்கம் நான்கு மெகாபைட்டைச் சுமந்துகொண்டு வருகிறது. ஓடுகிற படங்கள், ஆடுகிற பொத்தான்கள், நீ யார், எங்கிருந்து பார்க்கிறாய், நாங்கள் உளவு பார்க்கலாமா என்று ஒரு விசாரணை. ஒரு குத்து உப்பு வாங்கப் போனவனுக்கு உப்பளத்தையே லாரியில் ஏற்றி அனுப்புகிறார்கள். இதைச் செய்கிறவர்களுக்கெல்லாம் பட்டம் இருக்கிறது.

நாங்கள் செய்வது ஒன்றும் மந்திரம் இல்லை. ஒரே சட்டியில் குழம்பை வைத்து, பரிமாறி, சட்டியைக் கழுவி, அதிலேயே பொரியலை வைப்பது. பக்கம் முழுவதும் வரும்வரை பெட்டி காத்திருக்காது. வர வர வாசிக்கும், வேண்டியதை எடுக்கும், மற்றதைக் கீழே விடும். ஒவ்வொரு வேலைக்கும் மெமரியை எண்ணிக் கொடுப்பேன், வேலை முடிந்ததும் எண்ணித் திரும்ப வாங்குவேன். வரவு, செலவு, திருப்பம் என்று மூன்று பத்தி போட்ட பேரேடு ஒன்று வைத்திருக்கிறேன். எந்தப் பகுதிக்கு எத்தனை பைட் போனது, எத்தனை வந்தது, எல்லாம் அதில் இருக்கும். சம்யுக்தா முதன்முதலில் அதைப் பார்த்து, “ஆன்ட்டி, இதையெல்லாம் கையாலயா எழுதறீங்க?” என்றாள். பின்னே, காலாலா என்று கேட்டேன். அது தவக்காலத்துக்கு முன்.

இன்று அவள் ஒரு எழுத்துருவை இரண்டு இடத்தில் ஏற்றிவைத்து 11 கிலோபைட்டை வீணாக்கியிருந்தாள். ஒரு சொல் சொல்லவில்லை. பேரேட்டை அவள் மேசையில் விரித்து, அந்த இடத்தில் விரலை வைத்தேன். பிறகு மேலே ஏறி வந்துவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

வாய் அரிக்கிறது.

மார்ச் 13, வியாழன்

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று சம்யுக்தா கேட்டாள். பதினோரு வருடத்துக்கு முன் பொனிபாஸிடம் வேலை பார்த்த ஒரு எஞ்சினியர், நிரல் எழுதுவதைப் பற்றிய தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றைக் கதவு ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்தார். அவர் அதைப் பயன்படுத்திய ஒரே விதம் அதுதான். போகும்போது விட்டுவிட்டுப் போனார். இவ்வளவு கனமாக அதில் என்னதான் எழுதியிருக்கிறது என்று பார்க்க எடுத்தேன். அகராதியை வைத்துக்கொண்டு, சோறு வேகிற நேரத்தில் வாசித்து முடிக்க நான்கு வருடம் ஆயிற்று. கதவுக்கு ஒரு செங்கல் வைத்தேன்.

“செம்ம ஆன்ட்டி! இத எங்கயாவது எழுதணும்” என்றாள். எதற்கெடுத்தாலும் செம்ம. சமைத்த சுறாப்புட்டும் செம்ம, என் நான்கு வருடமும் செம்ம.

ஆனால் கேட்டாள். இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

மார்ச் 17, திங்கள்

சிலுவை அண்ணன் வந்திருந்தார். எங்கள் பங்கில் பைபர் படகு வைத்திருப்பவர். ஆறு வாரமாக அவர் படகிலும் இன்னும் நான்கு படகுகளிலும் எங்கள் பெட்டி ஓடுகிறது. ஒரு கோளாறும் இல்லை.

“ஏ பொனிபாஸு, ஒன் பெட்டி பரவாயில்லல. என் பொண்டாட்டிய விட சீக்கிரம் பதில் சொல்லுது” என்றார்.

“அண்ணாச்சி, அதுக்குள்ள பெரிய டெக்னாலஜி இருக்கு.”

“என்னத்தயும் வையி. போன வியாழன் காத்து மாறும்னு காட்டுச்சு, வலைய சுருட்டிட்டு வந்துட்டோம். வராத பயலுக வல கிழிஞ்சு வந்தானுவ. யாருல இத செஞ்சது?”

பொனிபாஸ் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். பிறகு பெருந்தன்மையாகச் சம்யுக்தாவைக் காட்டினான். அவள் உடனே என் பக்கம் திரும்பி, “மெமரி பார்ட் முழுக்க ஆன்ட்டிதான் சார்” என்றாள்.

“பெர்பெத்தம்மாவா!” சிலுவை அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். “அப்ப அதான் பெட்டி இவ்ளோ சிக்கனமா இருக்கு!”

நானும் சிரித்துவைத்தேன். அந்தப் பெண்ணை யார் சொல்லச் சொன்னது? இரக்கப்பட்டுக் கொடுக்கிற பெயர் எனக்கு எதற்கு?

மார்ச் 23, ஞாயிறு

முதல் பூசை. எங்கள் பங்கில் ஞாயிற்றுக்கிழமை எந்தப் படகும் கடலில் இறங்காது. சனி மாலை பெட்டியை அணைத்தால் திங்கள் விடியற்காலையில்தான் போடுவார்கள். எங்கள் ஆபீஸிலும் அப்படியே. ஞாயிறு நான் கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை.

கைப்பிடி அரிசியைக் கோயிலில் கொட்டிவிட்டு வந்தேன். ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை பானை கோயிலுக்குப் போகும், ஏழைகளுக்கு. இதை நான் வீட்டுக் கணக்கில் எழுதுவதே இல்லை. கடவுளுக்கென்று எடுத்ததைக் கணக்கில் எழுதினால் அது கொடுத்தது ஆகாது. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

சொல்லப்போனால் பெட்டியிலும் எனக்கு ஒரு கைப்பிடி உண்டு. ஒவ்வொரு பக்கம் திறக்கும்போதும் 64 பைட்டை ஒதுக்கி வைக்கிறேன். புயல் எச்சரிக்கை வரும்போது இடம் இல்லை என்று பெட்டி கையை விரிக்கக் கூடாது பாருங்கள். பட்டம் படித்தவர்களுக்கு இந்த முன்யோசனை வராது.

மார்ச் 25, செவ்வாய்

சென்னை காசிமேட்டிலிருந்து மூன்று விசைப்படகுகள் எங்கள் பெட்டியோடு இன்று விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டன. பத்து நாள் கடலிலேயே இருப்பார்கள். கால் மணிக்கு ஒரு பக்கம் தானாகத் திறக்கும். இது தேறினால் அவர்கள் சங்கம் நானூறு பெட்டி வாங்கும். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது, அதற்குள் முடிவு சொல்லிவிடுவார்கள்.

பெட்டியை அனுப்புகிற கடைசி நாளில் சம்யுக்தா தன் பகுதியில் ஏதோ புதிதாகச் சேர்த்தாள். வழக்கமாக என்னிடம் சொல்வாள். சொல்லவில்லை. பேரேட்டில் அவள் பக்கம் 46 பைட் கூடியிருக்கிறது. எதற்கு என்று தெரியவில்லை. சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

காய்ச்சல். பூசைக்குப் போகவில்லை. தொபியாஸ் ரசம் வைத்தார். ரசத்துக்கும் எங்கள் பெட்டிக்கும் ஒரு வித்தியாசம், பெட்டியில் உப்பு இருக்காது.

ஏப்ரல் 1, செவ்வாய்

மூன்று பெட்டியும் நின்றுவிட்டன.

நேற்று இரவு ஒன்பது மணியோடு நின்றிருக்கின்றன. அணைந்தால்கூடத் தெரிந்திருக்கும். அணையவில்லை. ஒன்பது மணிக்கு வந்த பக்கத்தையே காட்டிக்கொண்டு அப்படியே உறைந்துவிட்டன. ‘காற்று மிதமானது’ என்று. அந்த மூன்று படகும் அதை நம்பி வலை விரித்திருக்கின்றன. விடிகிற நேரத்தில் பக்கத்துப் படகுக்காரன் வயர்லெஸ்ஸில் கத்தியதால் தப்பித்தார்கள். ஒருவனுக்குத் தோளில் அடி, அவ்வளவோடு போயிற்று. மாதாவே, உமக்கு நன்றி.

அந்தத் தம்பியின் பெயர் என்னவென்று கேட்டேன். பொனிபாஸுக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் 2, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் பொனிபாஸ் எல்லோரையும் உட்கார வைத்தான். முகம் வெந்த இறால் நிறத்தில் இருந்தது.

“எட்டு வாரமா நம்ம படகுல ஓடுச்சு. காசிமேட்டுல ஒரு வாரம் தாக்குப் பிடிக்கல. நடுவுல என்ன மாத்தினிய?”

“என் பார்ட்ல ஒரு சின்ன அப்டேட் சார்” என்றாள் சம்யுக்தா. “ஆனா அதனால இருக்காது. ஒவ்வொரு பக்கத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா மெமரி கொறஞ்சிட்டே போயிருக்கு. எங்கயோ வாங்கினத திருப்பிக் குடுக்காம வெச்சிருக்கோம். ஆன்ட்டி, உங்க கோட நாம ரெண்டு பேரும் ஒருவாட்டி சேர்ந்து பாக்கலாமா?”

என் நிரலைப் பார்க்க வேண்டுமாம். எழுத்துருவை இரண்டு இடத்தில் ஏற்றியவள்.

பேரேட்டைக் கொண்டுவந்து மேசையில் விரித்தேன். என் பகுதி: கொடுத்தது, திரும்பியது, ஒரு பைட் பிசகாமல் நேர். எட்டு மாதக் கணக்கு, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டினேன். பிறகு அவள் பக்கத்தைத் திருப்பி, சிவப்பு வட்டத்தின் மேல் விரலை வைத்தேன்.

“இந்த நாப்பத்தாறு எதுக்கு?” இதுதான் நான் கேட்டது. மரியாதையாகத்தான் கேட்டேன்.

சம்யுக்தா அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “அது… ஒண்ணுமில்ல ஆன்ட்டி” என்றாள். காது சிவந்துவிட்டது.

“ஒண்ணுமில்லன்னா எதுக்கும்மா போட்ட?” என்று பொனிபாஸ் பாய்ந்தான். “மைனி கணக்கு சுத்தமா இருக்கு. ஒங்கிட்டதான ஓட்ட? ஆளு உசுரு போயிருக்கும்!”

அவள் அப்புறமும் வாய் திறக்கவில்லை.

ஒரே ஒருமுறை எடுத்த 46 பைட் ஒரு பெட்டியை நிறுத்தாது. ஒவ்வொரு பக்கத்துக்கும் போனால்தான் நிறுத்தும். இது எனக்குத் தெரியும். பொனிபாஸுக்குத் தெரியாது. அவன் என்னிடம் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்வது என் வழக்கம் இல்லை.

இந்தத் தவக்காலத்தில் இதுவரை ஒரு இளக்காரச் சொல்கூட என் வாயிலிருந்து வரவில்லை என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன்.

ஏப்ரல் 3, வியாழன்

பன்னிரண்டாம் தேதியோடு சம்யுக்தாவை வேலையை விட்டுப் போகச் சொல்லிவிட்டான் பொனிபாஸ். போகிறவளுக்குக் கொடுக்கிற கடிதத்தில் என்ன நடந்தது என்பதையும் எழுதுவானாம். அடுத்த இடத்தில் அவளை யார் சேர்ப்பார்கள்? அவள் சேர்த்ததை எல்லாம் பெட்டியிலிருந்து எடுத்தாயிற்று. படகுகள் சனிக்கிழமை மறுபடி புறப்படுகின்றன.

மதியச் சாப்பாட்டுக்கு அவள் மேலே வரவில்லை. கீழே பன் தின்றாள். பன்! சாளை மீன் வறுத்து வைத்திருந்தேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

இன்றும் பன்.

தொபியாஸ் சாப்பிட்டுக் கை கழுவும்போது, “அந்தப் பிள்ள தப்பு பண்ணிருக்கும்னு எனக்குத் தோணல” என்றார். வாரத்துக்கு ஒரு வாக்கியம் பேசுகிற மனிதர், அதை இதற்குச் செலவழித்துவிட்டார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலைப் பூசைக்குக் கைப்பிடிப் பானையைத் தூக்கிக்கொண்டு போனேன். மூடி உட்காரவில்லை. வழியெல்லாம் அரிசி சிந்தியது. கோயில் வாசலில் வாங்கிக்கொண்ட கோயில்பிள்ளை மரியான் சிரித்தார்.

“என்னம்மா, இன்னைக்கு ரொம்பத்தான் தாராளம்?”

“தாராளம் என்ன, அதே பிடிதான். போன வாரம் காய்ச்சல், கொண்டாரல.”

“அதான! ஞாயித்துக்கெழம காலியாக்காட்டா எந்தப் பானைதான் தாங்கும்?”

பூசையில் என்ன வாசித்தார்கள், என்ன பிரசங்கம், ஒன்றும் ஞாபகம் இல்லை. எழுந்திருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவள் முழங்கையால் இடித்தாள்.

இன்று ஞாயிறு. கம்ப்யூட்டரைத் தொட மாட்டேன். கணக்கை மனதிலேயே போடலாம், அது பாவம் இல்லை.

பெட்டியில் எல்லாம் போக மிச்சம் இருக்கிற மெமரி 40 கிலோபைட். ஒரு பக்கத்துக்கு என் கைப்பிடி 64 பைட். 640 பக்கம் திறந்தால் மிச்சம் காலி. கால் மணிக்கு ஒரு பக்கம் என்றால் நாளுக்கு 96. ஆறு நாளும் பதினாறு மணி நேரமும்.

செவ்வாய் காலை ஐந்து மணிக்குப் போட்ட பெட்டி. திங்கள் இரவு ஒன்பது மணி.

எங்கள் பங்குப் படகுகளில் சனிக்கிழமை அணைத்தார்கள். அணைத்தால் எல்லாம் காலியாகிவிடும். வாரா வாரம் என் பானையை அவர்கள் அறியாமல் கோயிலில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். காசிமேட்டுப் படகுக்கு ஞாயிறு கிடையாது.

ஒதுக்கி வைக்க ஒரு வரி எழுதியிருக்கிறேன். எடுத்துக் கொட்ட ஒரு வரி எழுதவில்லை. பேரேட்டிலும் இல்லை. கைப்பிடியை நான் கணக்கில் எழுதுவதே இல்லையே.

அதனால்தான் என் கணக்கு அவ்வளவு நேராக இருந்தது.

ஏப்ரல் 7, திங்கள்

அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். பக்கம் மூடும்போது கைப்பிடியும் திரும்பிவிடும். நிமிடத்துக்கு ஒரு பக்கம் என்று வைத்து மேசையில் இரண்டு பெட்டியை ஓட விட்டேன். பழையது, புதியது. கடலுக்கு அனுப்பும் முன்பே இப்படிப் பார்த்திருக்கலாம். பட்டம் படித்தவளுக்கும் தோன்றவில்லை, படிக்காதவளுக்கும் தோன்றவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

பழையது 640-ஆவது பக்கத்தில் நின்றது. புதியது 1,500-ஐத் தாண்டி ஓடுகிறது. சாட்டிலைட் வழியாகப் படகுகளுக்குப் புதியதை அனுப்பினோம்.

பொனிபாஸ் துள்ளினான். “பாத்தியளா மைனி? அந்தப் பிள்ள எழுதினத எடுத்ததும் எப்பிடி ஓடுது!”

நான் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தேன். கிண்டிக்கொண்டே இருந்தேன்.

ஏப்ரல் 9, புதன்

யோசித்துப் பார்த்தால் அவள் சென்னைப் பெண். அங்கே கம்பெனிக்குக் குறைவில்லை. இரண்டு பட்டம். எனக்கு என்ன இருக்கிறது? ஒரு பேரேடு. பெர்பெத்தம்மா கணக்குத் தப்பாது என்பது ஒன்றுதான் இந்த வீட்டில் எனக்கு இருக்கிற பெயர்.

நேற்றைய குழம்பு அடிப்பிடித்துவிட்டது. எல்லோரும் பேசாமல் சாப்பிட்டார்கள். கோழைகள்.

ஏப்ரல் 10, வியாழன்

அந்த 46 மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. மற்றவர் கணக்கில் விடை தெரியாத எண் ஒன்று கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது. பெட்டியிலிருந்து எடுத்து ஒதுக்கியிருந்த அவள் நிரலைத் திறந்து வரி வரியாக வாசித்தேன்.

பிரவுசரில் ‘இதைப் பற்றி’ என்று ஒரு பக்கம் உண்டு. யாரும் திறந்து பார்க்காத பக்கம். அதில் பொனிபாஸின் பெயர் இருக்கும், கம்பெனி பெயர் இருக்கும். அதற்குக் கீழே, ‘நினைவகம்’ என்று முன்பே இருந்த சொல்லுக்குப் பக்கத்தில், அவள் ஒரு பெயரைச் சேர்த்திருக்கிறாள்.

பெர்பெத்தம்மாள்.

எண்ணினேன். பதினைந்து குறியீடு, ஒன்றுக்கு மூன்று பைட், நாற்பத்தைந்து. முடிவைக் காட்ட ஒன்று. நாற்பத்தாறு.

பக்கத்தில் தனக்கென்று இங்கிலீஷில் ஒரு குறிப்பு எழுதியிருந்தாள். ஈஸ்டர் அன்று காட்ட வேண்டும், அதுவரை சொல்லக் கூடாது.

மாறவே மாறாத ஒரு பெயர். அதை ஃப்ளாஷில், நிரலே குடியிருக்கிற நிரந்தர இடத்தில், வைத்துவிட்டால் மெமரியில் ஒரு பைட்கூடச் செலவாகாது. குழந்தைக்குத் தெரியும் இது. கொண்டுபோய் ரேமில், நான் எண்ணிப் பங்கு வைக்கிற மெமரியில், வைத்திருக்கிறாள். இரண்டு பட்டம்! எதைச் சொல்லிக் கொடுத்தார்கள் இந்தப் பெண்ணுக்கு? ஃப்ளாஷில் வைத்திருந்தால் என் பேரேட்டில் ஏறியே இருக்காது. நான் வட்டம் போட்டிருக்க மாட்டேன். என்ன மடத்தனம். என்ன மடத்தனம்.

கண் எரிகிறது. வெங்காயம் எதுவும் நறுக்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

சிலுவைப்பாதை முடிந்து பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நான்கு பேர். சாமியிடம் சொன்னால் அவர் மூன்று ஜெபமாலை சொல்லச் சொல்வார், மன்னிப்பும் கிடைத்துவிடும், சம்யுக்தாவுக்கு ஒன்றும் தெரியாது. மிகவும் வசதி. இரண்டு பேர் முடிந்ததும் வரிசையை விட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 12, சனி

பதினோரு மணிக்குப் பேரேட்டை எடுத்துக்கொண்டு கீழே போனேன். பொனிபாஸ் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். சம்யுக்தா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தொபியாஸ் மூலையில் ஈயம் உருக்கிக்கொண்டிருந்தார்.

“பொனிபாஸு, அந்த ஓட்ட என்னுது” என்றேன்.

“எந்த ஓட்ட மைனி? கூரையா?”

“பெட்டில. பக்கத்துக்கு அறுவத்தி நாலு பைட்ட நான் ஒதுக்கினேன். திருப்பல. கணக்குலயும் எழுதல. திங்கக்கெழம சரி பண்ணிட்டு வாய மூடிட்டு இருந்தேன். இந்தப் பிள்ள மேல ஒரு தப்பும் இல்ல.”

பொனிபாஸ் எழுந்து கதவைச் சாத்தினான்.

“மைனி, மெதுவா. சரி, நடந்துட்டு. இப்ப பெட்டி ஓடுதுல்லா? இது நம்ம வீட்டுக்குள்ள இருக்கட்டு. வெளிய போனா, சமையக்காரம்மா எழுதின புரோகிராம்னு சங்கத்துக்காரன் சிரிப்பான். இந்தப் பிள்ளைக்கு வயசு இருக்கு, வேற எடம் கெடைக்கும். என்னம்மா?”

கடைசிச் சொல்லை அவளைப் பார்த்துச் சொன்னான். சிரித்துக்கொண்டே.

தவக்கால நாற்பதில் ஞாயிறுகள் சேராது. அந்தக் கணக்கில் இன்று முப்பத்து நான்காம் நாள். இன்னும் ஆறு நாள் பாக்கி இருந்தது.

“ஏல பொனிபாஸு,” என்றேன், “ஒனக்கு முதுகெலும்பு இருக்க வேண்டிய எடத்துல என்னல இருக்கு, சாள முள்ளா? அதுகூட தொண்டையில குத்தும், நீ அதுக்கும் ஆவ மாட்ட. பெட்டிக்கு புரோன்னு பேரு வச்ச, மேக்ஸுன்னு பேரு வச்ச, உள்ள என்ன இருக்குன்னு ஒரு நாளு தொறந்து பாத்தியா? சமையக்காரம்மா எழுதினதுதாம்ல. அந்தச் சமையக்காரம்மா போட்ட சோத்துலதான் நீ இந்த நாற்காலிய நெறச்சுட்டு உக்காந்துருக்க. அடுத்த வீட்டுப் பிள்ள தலையில பழிய கட்டி அனுப்ப ஒனக்கு மைனி வேணும், சங்கத்துக்காரன் முன்னால சொல்லிக்க மைனி வேண்டாம். அந்தக் கடிதாச கிழில. கிழிச்சுட்டு, இன்னைக்கே சங்கத்துக்கு போன போட்டு என்ன நடந்துதுன்னு சொல்லு. தோளு அடிபட்டவன் பேரு என்னன்னும் கேளு. இல்லன்னா இந்தப் பேரேட்டத் தூக்கிட்டு நானே காசிமேட்டுக்குப் பஸ் ஏறுதேன்.”

மூச்சு வாங்கியது. முப்பத்து நான்கு நாள் சேர்த்து வைத்தது எல்லாம் அவன் ஒருவன் மேல் விழுந்துவிட்டது. பாதி எனக்குச் சேர வேண்டியது.

தொபியாஸ் ஈயக்கோலைக் கீழே வைத்துவிட்டு வந்து, கடிதத்தை எடுத்து, நான்காகக் கிழித்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

நான் சம்யுக்தாவின் பக்கம் திரும்பினேன். பேரேட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். ‘கைப்பிடி’ என்று புதிதாக ஒரு பத்தி போட்டு, எட்டு மாதத்துக்கும் எழுதியிருந்தேன். எல்லாம் சிவப்பு மையில்.

அவள் வரி வரியாக விரலை ஓட்டிப் பார்த்தாள்.

“எனக்கு உங்க கோட்லதான் இருக்கும்னு தோணுச்சு ஆன்ட்டி. காட்டுங்கன்னு கேட்டேன். நீங்க நோட்ட காட்டினீங்க.”

“ஆமா.”

“முன்னாடியெல்லாம் தெனம் திட்டுவீங்க. ஒரு மாசமா ஒரு வார்த்த இல்ல. வெரல மட்டும் வெச்சிட்டு போவீங்க. திட்டறத விட அதுதான் பயமா இருந்துச்சு.”

“நாப்பத்தாறு எதுக்குன்னு கேட்டப்ப சொல்லிருக்கலாம்லா?”

“சொல்லியிருந்தா, தப்பிக்கறதுக்கு ஐஸ் வைக்கறான்னு சொல்லியிருப்பீங்க.”

“சொல்லிருப்பேன்” என்றேன்.

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் அந்தச் சொல்லைக் கேட்கவில்லை. “ஊருக்குப் போயிட்டு யோசிச்சு சொல்றேன் சார். வந்தேன்னா, ஒண்ணு. அவங்க கோட நான் பார்ப்பேன், என் கோட அவங்க பார்க்கணும். நோட்ட மட்டும் வெச்சு இனி எதையும் முடிவு பண்ணக் கூடாது” என்று பொனிபாஸிடம் சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அவள் போன பிறகு பொனிபாஸ் போனை எடுத்தான். நான் எதிரே உட்கார்ந்து, அவன் பேசி முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. அடிபட்ட தம்பியின் பெயர் இசக்கியப்பன்.

ஏப்ரல் 14, திங்கள்

படகுகள் கரை திரும்பின. மூன்று பெட்டியும் ஓடிக்கொண்டிருந்தன. நானூறு கேட்டவர்கள், முதலில் ஐம்பது போதும், தடைக்காலம் முடிந்து பார்க்கலாம் என்றார்கள். பொனிபாஸ் என் முகத்தைப் பார்ப்பதில்லை. சாப்பிட மட்டும் வருகிறான்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

சாமியிடம் எல்லாம் சொன்னேன். கடைசியாக, தவத்தை முறித்துவிட்டேன், கொழுந்தனைச் சாளை முள் என்று சொன்னேன் என்றேன். “எந்த முள்ளுன்னு சொன்ன?” என்று கேட்டார். அந்தப் பக்கம் அவர் சிரிப்பில் குலுங்குவது கேட்டது. இந்தப் பங்குக்கு வேறு சாமி வாய்க்கவில்லை.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

ஆட்டுக்கறி. ஐந்து பேருக்குச் சமைத்தேன். நான்கு பேர்தான் இருந்தோம், சிலுவை அண்ணனையும் சேர்த்து.

ஏப்ரல் 21, திங்கள்

பத்து மணிக்குக் கீழே நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. யார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. உலையில் அரிசியைப் போட்டேன். கைப்பிடியை எடுத்துப் பானையில் போட்டேன். பிறகு இறங்கிப் போனேன்.

அவள் தன் பகுதியை மறுபடி சேர்த்துக்கொண்டிருந்தாள். திரையைப் பார்த்தேன். அதே பெயர், அதே இடம். மறுபடியும் ரேம்.

“ஏட்டி, ஒனக்கு மூளைய எங்க வச்சுப் படைச்சாரு ஆண்டவரு? மாறாத பேர யாராவது ரேமுல வைப்பாளா? ஃப்ளாஷுல வைட்டி! ரெண்டு பட்டம் வாங்கினியே, ஒண்ணுலயாவது இத சொல்லித் தரலயா?”

நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

“அப்பாடா” என்றாள். “உக்காருங்க ஆன்ட்டி. நீங்களே மாத்துங்க.”

உட்கார்ந்தேன். மாற்றினேன். பேரேட்டில் எழுதினேன்: கைப்பிடி, கொடுத்தது 64, திரும்பியது 64. பெயர், 46, செலவில் இல்லை.

மதியம் மேலே வந்து சாப்பிட்டாள். நேற்றைய கறி செம்மயாம்.

இந்த நோட்டை இத்தோடு மூடுகிறேன். மீதி இருக்கிற தாள் சலவைக் கணக்குக்கு ஆகும். எனக்கு வாய் திரும்பிவிட்டது.